சுவரை நக்கிய குதிரை

குதிரையின் முகம் மாறிவருகிறது என்பதை முதலில் பார்த்தவள் என் மனைவி. காலையில் லத்தி அள்ளக் கொட்டகைக்குள் போனவள், கூடையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, இங்க வாங்க. இது மூஞ்சி முந்தியே இப்படித்தான் இருந்துச்சா?”

போய்ப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே, மூக்குத் தண்டின் இரு பக்கமும் எலும்பு புடைத்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். சீழ் கட்டிய வீக்கமாக இருந்தால் அமுங்கும். இது கல்லைப் போல இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த முகத்துக்குக் கடிவாளம் மாட்டுகிறவன் நான். வாரை ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்ததைக்கூடக் கவனித்திருந்தேன். வெயிலில் வாரின் தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சுருங்கியது தோல் இல்லை, பெருத்தது எலும்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் குறைந்துவிட்டதால், அரியலூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் கீழப்பழுவூர் போகவும் விக்கிரமங்கலம் போகவும் ஜட்கா வண்டிகளைத்தான் தேடினார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்ற வண்டிகளில் என்னுடையதும் ஒன்று. மற்ற வண்டிக்காரர்கள் ரயில் நிற்பதற்குள் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு அது வராது. ஐந்தாம் வகுப்பு வரை மாதா கோயில் சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கேயும் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காத பையனாகத்தான் இருந்தேன். வண்டிப் பக்கத்தில் பேசாமல் நிற்பேன். கடைசியாக வெளியே வருகிற ஆள் என் வண்டியில் ஏறுவார். குதிரை பார்க்க லட்சணமாக இருந்ததால் சில பேர் அதற்காகவே ஏறினார்கள். பழுப்பு நிறப் பெண்குதிரை. நெற்றியில் பருத்தி வெடித்ததைப் போல ஒரு வெள்ளை.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் போர்டு ஆபீஸ் வளாகத்தில் வண்டிப் பரிசோதனை நடக்கும். குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓடினால் வண்டியின் பின்பக்கத்தில் அடிக்க நம்பர் தகடு கொடுப்பார்கள். நொண்டினால் தகடு இல்லை. தகடு இல்லாத வண்டி ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாது. போன வருஷம் தகடு போன குதிரை ஒன்றைத் தோல் வியாபாரி ஓட்டிக்கொண்டு போனதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். அந்தக் குதிரைக்கு நடக்கத் தெரிந்த வழி ஸ்டேஷன் வழிதான். அது ஸ்டேஷன் பக்கமே திரும்பித் திரும்பி இழுத்தது.

என் குதிரை அதற்கு முந்தின வாரத்திலிருந்தே முன்னங்காலை லேசாகச் சாய்த்து வைத்தது. லாடம் சரியில்லை என்று நினைத்து லாடத்தை மாற்றியிருந்தேன். இப்போது முகமும் இப்படி.

“சந்தைக்கு மாட்டு டாக்டர் வருவாரே, காட்டிடுங்க” என்றாள் மனைவி. “வாயத் தொறந்து பேசுங்க. என்னைக் கூட்டிட்டுப் போனா நான் பேசுறேன்.”

“நானே பேசிக்கிறேன்” என்றேன். பேசவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெரம்பலூர் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் வாரத்தில் ஒரு நாள் எங்கள் சந்தைக்கு வந்து புளியமரத்தடியில் மேஜை போட்டு உட்காருவார். உயரமானவர். காக்கிச் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். குதிரையின் தாடையைப் பிடித்துப் பார்த்தார். மூட்டுகளை அழுத்தினார். என்னை நடத்திக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்.

“என்ன தீனி போடுறே?”

இந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பகீர் என்கிறது. “கொள்ளுங்க” என்று சொன்னேன்.

கொள்ளு எங்கே இருந்தது? பட்டாளத்துக் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் வேண்டுமென்று கொள்ளை வாங்கிப் போய்விட்டார்கள். கடைக்காரர் மிஞ்சிய கொள்ளை வேண்டியவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்பார். போய்ச் சண்டை போட்டு வாங்கிவர என்னால் முடியவில்லை. ரைஸ் மில்லில் தவிடு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தால் குதிரை ஆசையாகத் தின்றது. ஏழெட்டு மாதமாகத் தவிடுதான். ஆனால் மற்ற வண்டிக்காரர்கள் சுற்றி நிற்கிற இடத்தில், கொள்ளு வாங்கத் துப்பில்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் தாடையை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு மாவைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். “காலைல ஒரு கைப்பிடி, சாயந்தரம் ஒரு கைப்பிடி. தீனியில கலந்து குடு. எலும்பு கெட்டிப்படும்.”

அது என்ன மாவு என்று நான் கேட்கவில்லை.

இந்தக் குதிரையைப் போலத் தீனி பார்க்கிற குதிரையை நான் கண்டதில்லை. வேறு குதிரை வாய் வைத்த வாளியில் தண்ணீர் குடிக்காது. வைக்கோலில் ஈரவாடை அடித்தால் காலால் தள்ளிவிடும். எனக்கு அடுத்தபடியாக வண்டி நிறுத்துகிற பாய் அதைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. வாய் ஓயாதவர்.

“ஏம்ப்பா, கலெக்டரம்மா நாஷ்டா முடிச்சாங்களா? இல்ல ரொட்டியில வெண்ணெய் பத்தலேன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?”

மாவைத் தவிட்டில் கலந்து வைத்தேன். குதிரை மூக்கைக் கிட்டே கொண்டுபோய், மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. பிறகு ஒரே ஊது. மாவெல்லாம் என் முகத்தில். கருப்பட்டியைக் கூட்டிப் போட்டேன். தவிட்டை நக்கித் தின்றுவிட்டு மாவைத் தொட்டியின் அடியில் தனியாக விட்டிருந்தது, யாரோ சல்லடையில் சலித்து வைத்ததைப் போல. வாழைப்பழத்தைப் பிளந்து உள்ளே வைத்தேன். பழத்தை மென்று, மாவை மட்டும் எச்சிலோடு வழியவிட்டது. கேழ்வரகுக் களிக்குள் வைத்து உருண்டையாக்கினேன். உருண்டையை வாயில் வாங்கி, நான் சந்தோஷப்படுகிற வரை வைத்திருந்து, என் காலடியில் போட்டது.

“ஒங்களுக்கும் அதுக்கும்தான் கலியாணம் ஆயிருக்கணும்” என்றாள் என் மனைவி. “வேணும்னும் சொல்றதில்ல, வேணாம்னும் சொல்றதில்ல.”

கால் நாளுக்கு நாள் மோசமானது. ஒரு நாளைக்கு ஒரு சவாரிக்கு மேல் நான் வண்டி பூட்டவில்லை. பாயிடம் சொல்லி அழாத குறை.

“குதிரை சந்தேகப் பிராணிப்பா” என்றார் பாய். “புதுசா குதிரை வாங்கினா என்ன பண்றோம்? வெல்லத்தை நாம பாதி கடிச்சிட்டு மீதியைக் குடுக்கலியா? அந்த மாதிரி நீ தின்னு காட்டு.”

அது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. குதிரை கைமாறி வந்த அன்று, புது எஜமான் வெல்லக்கட்டியைக் கடித்துவிட்டுத் தன் எச்சில் பட்ட பாதியைக் கொடுப்பார். அதன் பிறகுதான் குதிரை அவருடையது. எனக்கு அது தோன்றாமல் போனதே என்று நினைத்தேன். அன்று சாயந்தரம் மாவும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, அதன் கண் முன்னால் பாதியைக் கடித்து மென்று விழுங்கினேன். கருவாட்டுச் சாம்பலைத் தின்பது போல இருந்தது. மீதிப் பாதியை நீட்டினேன்.

குதிரை என் வாயைப் பார்த்தது. பிறகு உருண்டையை எடுத்துத் தின்றது.

அன்றிலிருந்து காலையில் பாதி நான், பாதி அது. சாயந்தரமும் அப்படியே. நான் விழுங்காமல் வாயில் அடக்கி வைத்தால் அது தெரிந்துகொண்டு தலையைத் திருப்பிக்கொள்ளும். விழுங்கித்தான் காட்ட வேண்டும்.

அது தபசு காலம். ஏசு உயிர்த்த பாஸ்கா திருநாள் வருகிற வரைக்கும் நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி, மீன், கருவாடு எதுவும் அடுப்பேறாது. கஞ்சியும் கீரையும்தான். என் மனைவி கருவாட்டுப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுடைய தாய் வீடு வரதராஜன்பேட்டைப் பக்கம். அந்த வீட்டில் நோன்பு என்றால் நோன்புதான்.

பொட்டலம் தீர்ந்து சந்தைக்குப் போனபோது இந்த முறை மனைவியும் கூட வந்தாள். பாயும் தன் குதிரைக்கு லாடம் அடிக்க வந்து பக்கத்தில் நின்றிருந்தார். டாக்டர் அடுத்த பொட்டலத்தைக் கட்டும்போது அவள் கேட்டாள்.

“அய்யா, இது என்ன மாவுங்க? வூடு பூரா கவிச்சி அடிக்குது.”

“எலும்புதாம்மா” என்றார் டாக்டர், பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே. “மாட்டெலும்பை அவிச்சு அரைச்சது.”

என் மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் கை மெதுவாக அவள் வாய்க்குப் போனது. நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினான்கு நாள், காலையும் மாலையும்.

“தோபா, தோபா!” என்று பாய் தலையில் கை வைத்தார். “நெசமாவே முழுங்கினியா? அடப் பாவி மனுசா! தின்னு காட்டுன்னா தின்ற மாதிரி காட்டுன்னுதான்யா அர்த்தம்!”

“என்ன முழுங்கினான்?” என்று டாக்டர் நிமிர்ந்தார். பாய் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி, திரும்பத் திறந்து, மறுபடி மூடினார். “ஒனக்கு ஒண்ணும் ஆகாது. போ” என்றார்.

வீடு வரைக்கும் மனைவி என்னோடு பேசவில்லை. வாசலில் சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, “நல்லாக் கொப்புளிங்க” என்று மட்டும் சொன்னாள். நான் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு நாளாக உள்ளே போனதைக் கொப்பளித்து என்ன செய்வது?

மறுநாள் காலை உருண்டையைக் கடிக்காமல் நீட்டினேன். குதிரை என் வாயைப் பார்த்தது. காத்திருந்தது. நான் சும்மா மென்று காட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டது. சாயந்தரமும் அப்படித்தான். அந்த முன்னங்கால் தரையில் பட்டும் படாமலும் நின்றது. தோல் வியாபாரி ஓட்டிக்கொண்டு போன குதிரை ஞாபகம் வந்தது. மனைவி உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பாதி உருண்டையைக் கடித்து விழுங்கினேன். இந்த முறை என்னவென்று தெரிந்தே விழுங்கினேன். அப்படியும் ஒரு மனிதன் செய்வானா என்று கேட்டால், செய்தேன். அப்படி நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன்.

“தபசு காலத்துல மாட்டெலும்பு தின்னுட்டேன் சாமி.”

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார். “எலும்பையா?”

“மாவாக்கி, சாமி.”

“யாரு வூட்டு விருந்துல?”

“குதிரைக் கொட்டாயில, சாமி.”

முழுவதையும் சொன்னேன். என் வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. தெரியாமல் தின்றது பாவமில்லை என்றார் சாமியார். தெரிந்த பிறகும் நான்கு நாள் என்றேன். அவர் இரண்டு மூன்று முறை இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

“குதிரை தின்னுச்சா?”

“தின்னுச்சு சாமி.”

“கால்?”

“இன்னும் நொண்டுது சாமி.”

“இனிமே அதை வாயில வைக்காதே. திருநாளுக்குக் கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்க ஆள் பத்தலை. ரெண்டு நாள் வந்து அடிச்சுக் குடு. அதுதான் ஒனக்கு அபராதம்.”

குதிரையைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனமில்லை. மெதுவாக நடத்திக் கூட்டிப் போய்க் கோயில் வளாகத்தில் பூவரச மரத்தில் கட்டினேன். முதல் நாள் தெற்கு மதிலை முடித்தேன். இரண்டாம் நாள் மேற்குப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் போட்ட சத்தத்தில் கையிலிருந்த வெள்ளையடிக்கும் மட்டை கீழே விழுந்துவிட்டது.

“ஏலே! உன் குதிரை கோயிலைத் தின்னுதுடா!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். கயிறு விறைத்து நிற்க, கழுத்தை நீட்டி, முதல் நாள் நான் அடித்துக் காய்ந்திருந்த சுண்ணாம்பைக் குதிரை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு எட்டுகிற இடமெல்லாம் வெள்ளை போய்ச் செம்மண் பூச்சு தெரிந்தது. பிறை நிலா போல ஒரு வடிவம். கல்லுக்கு நடுவில் பூசியிருந்த காரையையும் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தது. நான்கு விதமாகச் செய்து கொடுத்தும், நான் கடித்துக் காட்டாமல் ஒரு கைப்பிடி மாவைத் தின்னாத குதிரை!

பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். “பட்டினி போட்டா சுவத்தைத்தான் திங்கும்” என்றாள் ஒருத்தி. “புள்ளைங்க கணக்காப் பாக்குறாருன்னு பேரு, பாரு லட்சணத்தை” என்றாள் இன்னொருத்தி. என் முகம் எரிந்தது. சுண்ணாம்பு குடலை அறுத்துவிடும் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். கீழே கிடந்த மட்டையை எடுத்துக் குதிரையின் தோளில் அடித்தேன். அதை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அது அடித்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது. இன்னும் இரண்டு அடி கொடுத்தேன். நக்கிக்கொண்டே இருந்தது. என் கைதான் முதலில் நின்றது. எதற்காக ஒரு பிராணி அடியை வாங்கிக்கொண்டு சுவரை நக்கும் என்று நினைத்தபோது பயமாகிவிட்டது.

வாய்க்கூடையை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அடுத்த சந்தை வர ஐந்து நாள் இருந்தது. அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பெரம்பலூர் போனேன். வழியில் இரண்டு இடத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் கரி அடுப்பைக் கிளறிவிட்டு வந்தார். போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரு, எலும்பு தின்னவனா? வா.”

சுவரை நக்கியதைச் சொன்னேன். அவர் கை துடைத்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன தீனி போடுறேன்னு சொன்னே?”

“கொள்ளுங்க.”

அவர் என் கிட்டே வந்தார். என் தோளில் கிடந்த துண்டின் மடிப்பிலிருந்து விரல் நுனியால் எதையோ எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முகத்துக்கு நேரே நீட்டினார். தவிடு.

“இது கொள்ளா?”

நான் தலை குனிந்தேன்.

“எத்தனை மாசமா?”

விரலைக் காட்டினேன். எட்டு.

“அன்னிக்கே சந்தையில ஏன்யா சொல்லலை? தவிடு மட்டும் தின்னா குதிரை ஒடம்புல சுண்ணாம்புச் சத்து நிக்காது. ரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை அது எலும்புலேருந்து எடுக்கும். எலும்பு உளுத்துப்போய் மூஞ்சி வீங்கும், கால் நொண்டும். நான் எலும்பு மாவு குடுக்கிறேன், நீ அதையும் தவிட்டுக் கூடவே குடுத்திருக்கே. இந்தக் கையால ஊத்தி அந்தக் கையால எறைச்சிருக்கே. அது சுவத்துக்குப் போயி மருந்தைத் தேடியிருக்கு.”

“நான் அடிச்சேங்க” என்றேன்.

“எதுக்கு?”

“நக்குனதுக்கு.”

டாக்டர் துண்டை ஆணியில் மாட்டினார். நான் ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்தேன். எட்டு மாதம் நான் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, கையால் பிசைந்து, கட்டி இல்லாமல் உதிர்த்து வைத்தது எல்லாம் அதன் எலும்பைத் தின்றிருக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருப்பேனா? என்னைத்தான் நான் என்ன செய்வது என்று தெரியாமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவிட்டை அறவே நிறுத்தச் சொன்னார் டாக்டர். கடலைக்கொடியும் பச்சைப் புல்லும் போடச் சொன்னார். கொள்ளு கொஞ்சமாவது கிடைத்தால் நல்லது. “சுண்ணாம்புக்கு நீ எங்கேயும் அலைய வேண்டாம். ஒங்க ஊர்ல தோண்டுன எடமெல்லாம் வெள்ளைக் கல்லுதானே. சுடாத கல்லை இடிச்சு நைசா சலிச்சுக் குடு. நீத்த சுண்ணாம்பு வேணாம், வாய் வெந்துடும்.”

வண்டித் தடத்தில் உருண்டு கிடக்கிற கல். சக்கரம் ஏறிக் குலுங்கும்போதெல்லாம் நான் திட்டிய கல். அதை மடியில் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மனைவி உரலில் இட்டு இடித்தாள். மூன்று முறை துணியில் சலித்தாள்.

நான் கொள்ளுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இல்லை என்றார். நான் போகாமல் நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை, நின்றேன். கடை மூடும் நேரம் வரை நின்ற பிறகு உள்ளே போய் இரண்டு படி அளந்து கொண்டுவந்து, “இப்படி நின்னா யாவாரம் பாக்க முடியுமா?” என்று சொல்லிக் கொடுத்தார்.

கல்மாவைக் கொள்ளில் தூவி வைத்தேன். குதிரை மூக்கைக் கொண்டுபோய், மேலுதட்டைச் சுருட்டி, ஒரே ஊது. என் முகம் மறுபடி வெள்ளை.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “கோயில்ல மட்டும் எப்படித் தின்னுச்சாம்?” என்றாள். கேட்ட பிறகு அவளே என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

கல்மாவைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்துக் கொட்டகைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மட்டையால் பூசினேன். காயும் வரை குதிரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்ததும் கிட்டே போய், முகர்ந்து, நக்க ஆரம்பித்தது. சுவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்று முதல் காலையும் மாலையும் சுவருக்கு வெள்ளையடித்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க, ஒங்க வூட்டுல தெனம் தெனம் பொங்கலா?” என்று கேட்டார்கள். பாய் வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கடைசியில், “கலெக்டரம்மாவுக்குத் தட்டு சரியில்லேப்பா. அதான் விசயம்” என்றார். போகும்போது, “என் வூட்டுலயும் தவிடுதான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு கூடை கல் பொறுக்கிக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் வந்தபோது குதிரை கால் ஊன்றி நின்றது. மெதுவாக ஓடவும் செய்தது. ஆனால் தொடர்ந்து ஓடுமா என்று எனக்குத் தெரியாது. முக வீக்கம் இறங்கவே இல்லை. அது இறங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போர்டு ஆபீஸ் வளாகத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பரிசோதிக்க வந்த அதிகாரி வெளியூர்க்காரர். வெள்ளை டிரில் பேண்ட், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அப்போதெல்லாம் அந்த ஷூவுக்குச் சுண்ணக்கட்டியைக் கரைத்துப் பூசுவார்கள். அவர் என் குதிரைக்கு முன்னால் வந்து அதன் முகத்தைப் பார்த்ததுமே கையிலிருந்த காகிதத்தில் எழுதப் போனார்.

குதிரை தலையைக் குனிந்தது. அவருடைய வலது ஷூவை நக்கியது.

வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி காலை இழுக்கவில்லை. இழுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. நீளமாக, நிதானமாக, மூன்று முறை நக்கியது. வெள்ளை போய்ப் பழுப்புத் துணி தெரிந்தது. நான் கடிவாளத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். கை வரவில்லை. என் தகடு போயிற்று, குதிரை போயிற்று என்று மட்டும் தெரிந்தது.

“என்னய்யா தீனி போடுறே இதுக்கு?” என்றார் அதிகாரி.

எல்லா வண்டிக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். சந்தையில் நின்ற அதே ஆட்கள்.

“தவிடுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. “எட்டு மாசம் தவிடுதாங்க போட்டேன். கொள்ளு வாங்கத் துப்பில்லீங்க. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேங்க. அதனாலதாங்க மூஞ்சி இப்படி. இப்ப தவிடு இல்லீங்க. கல்லுமாவு. சுவத்துல பூசினாத்தாங்க திங்கும்.”

அவர் குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஓட்டிக் காட்டு.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஒரு சுற்று. அது கால் மாற்றி வைக்கிற சத்தம் ஒரே சீராகக் காதில் விழுந்தது. இரண்டாவது சுற்றில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது, அதற்கு இல்லை. பாய் எங்கேயோ இருந்து, “மாஷா அல்லா! கலெக்டரம்மா!” என்று கத்தினார்.

திரும்பி வந்து நின்றபோது அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். குமாஸ்தா பெட்டிக்குள் கையை விட்டுத் தகடு ஒன்றை எடுத்தார். நான் அதை வாங்கக் கை நீட்டினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. ஏனென்றால் அதிகாரி குனிந்து தன் ஷூக்களைப் பார்த்துவிட்டு, இடது காலைக் குதிரைக்கு முன்னால் எடுத்து வைத்தார்.

“இதையும் முடிக்கச் சொல்லு” என்றார். “ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பழுப்புன்னு ஆபீசுக்குள்ள எப்படிய்யா போறது?”